கிளச்சின்மேல் விழுந்த பழி

நண்பரே,

இன்று காலை சாங்வியிலிருந்து ஔந்துக்குப் போகும் பாலத்து ஏற்றத்தில் என் ரிக்‌ஷா நின்றுவிட்டது. முன்னால் ஒரு வெள்ளைக் கார் ஏற மாட்டாமல் உறுமிக்கொண்டிருந்தது. எஞ்சின் அலறியது, சக்கரம் அசையவில்லை. சற்று நேரத்தில் அதன் வயிற்றுக்கடியிலிருந்து புகை கிளம்பியது. கூடவே அந்த நாற்றமும் வந்தது. எரிந்த மயிரும் பழுக்கக் காய்ந்த தகரமும் கலந்தாற்போன்ற நாற்றம். ரிக்‌ஷாக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கிளச் கெலா, காகா" என்று மராத்தியில் சொன்னார். கிளச் போய்விட்டதாம். எனக்கோ உம்முடைய போசரிப் பட்டறைக்குள் மறுபடி நுழைந்துவிட்டது போலிருந்தது. அபிஷேகத்துக்கென்று மடியில் ஏந்தியிருந்த பாற்செம்பு சாய்ந்து வேட்டி நனைந்ததைக்கூட நான் உணரவில்லை.

இறந்துபோன ஒருவருக்கு மடல் எழுதுவது என் வழக்கமன்று. போனவர்க்கு நாம் ஆற்றும் கடன் எள்ளும் நீரும்தான் என்று நம்பி வளர்ந்தவன் நான். ஆயினும் உம்மிடம் சேர்க்க வேண்டிய செய்தி ஒன்று வந்திருக்கிறது. அதை எள்ளோடு இறைத்துவிட முடியாது. உம்மீது எனக்கு ஒரு கோபமும் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

நாம் சந்தித்ததே ஒரு சண்டையின் நடுவில்தான். பாதுகாப்புத் துறையின் கணக்கு அலுவலகத்தில் பணி ஓய்வு பெற்றிருந்த நான், என் பழைய காரின் இரண்டாவது கியர் விழாமல் நறநறக்கிறதென்று உம்மிடம் கொண்டுவந்தேன். கோயம்புத்தூர்க்காரர், முன்னாளில் பந்தயம் ஓட்டியவர், இப்போது பந்தயக் கார்களைப் பழுது பார்க்கிறார் என்று கோயிலில் சொல்லியிருந்தார்கள். நான் நுழைந்தபோது நீர் ஓர் இளைஞனின் சட்டைக் காலரைப் பற்றி அவனைச் சுவரோடு அழுத்தி வைத்திருந்தீர். கராடியில் கணினி வேலை பார்க்கும் தமிழ்ப்பிள்ளை அவன். நீர் புதிதாகப் போட்டுக் கொடுத்த கிளச்சை மறு மாதமே எரித்துக் கொண்டுவந்திருந்தான்.

"ஏனுங்க தம்பி, அது பெடலா, இல்ல கால் வெச்சுக்கற முக்காலியா?"

"சார், டிராஃபிக்ல சும்மா லேசாத்தான் வச்சிருந்தேன்."

"லேசா வெச்சாலும் பாதி பிரிஞ்சுதான் நிக்கும். உரசி உரசி எரியும். உங்கப்பன் உன்ற கழுத்துல லேசாக் கைய வெச்சுட்டே இருந்தா உனக்குச் சோறு எறங்குமா?"

"கழுத்தை விட்டீங்கன்னா பதில் சொல்றேன் சார்."

நீர் விட்டீர். இருவரும் சிரித்துவிட்டீர்கள். நான்தான் வாயிலைத் தாண்டாமலே நின்றேன். என் பக்கம் திரும்பி, "சாமிக்கு என்னங்க நறநறப்பு?" என்றீர். அன்றுமுதல் நான் உமக்குச் சாமியானேன்.

என் காரின் முகப்பை நீர் திறக்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கைப் பக்கம் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தீர். செருப்போடு நான் வண்டி ஓட்டுவதில்லை. உள்ளே கண்ணாடியோரம் வேலவன் வீற்றிருக்கிறான். வெறுங்காலுக்கு இதமாக இருக்கட்டுமென்று ஒரு கம்பளியை நான்காக மடித்துப் பெடல்களின் அடியில் விரித்திருந்தேன். அதை உருவி வெளியே எறிந்துவிட்டு, "இப்ப ஓட்டிப் பாருங்க" என்றீர். இரண்டாவது கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது.

"கம்பளி தடுத்துச்சு. பெடல் முழுசா எறங்கல. பெடல் எறங்காட்டி கிளச் பிரியாது. கிளச் பிரியாட்டி எஞ்சினோட வேகம் கியர்மேல அப்புடியே நிக்கும். அந்த நேரம் கியரத் தள்ளினா பல்லும் பல்லும் கடிச்சுக்கும். எதுவானாலும் கால்ல இருந்து தொடங்கோணுங்க சாமி. மொதல்ல பெடல், பொறவு ஆயிலு, பொறவு சிலிண்டர். கியர் பாக்ஸக் கடைசியாத்தான் தொடோணும்."

பழுது பார்ப்பதில் உமக்கு இருந்த ஒரே ஆகமம் அது. காலிலிருந்து தொடங்கு.

அதன்பின் செவ்வாய்தோறும் கோயிலிலிருந்து நேரே உம் பட்டறைக்கு வருவேன். உமக்குப் பக்தி இருந்ததென்று நான் சொல்ல மாட்டேன். திருநீற்றை வாங்கி நெற்றியில் இழுத்துக்கொண்டே, "பொங்கல் இருக்குதுங்களா?" என்பீர். ஆனால் போர்க்களப் பாடல்கள் என்றால் உமக்கு உயிர். நான் பெஞ்சில் அமர்ந்து பாடப் பாட, வண்டிக்கடியில் படுத்திருக்கும் நீர், துதிக்கைகள் துண்டுபடும் இடத்திலும் தேர்க்கால்கள் குருதியில் மிதக்கும் இடத்திலும் வேலையை நிறுத்திவிடுவீர். "அந்த ஆனைய வெட்டற பாட்டு இன்னொருக்கா" என்று கால் மட்டும் வெளியே தெரியக் கேட்பீர். நானும் மகிழ்ந்து பாடினேன். குருதி அப்போது எனக்குச் சந்தத்துக்கு ஏற்ற ஒரு செந்நிறமாக மட்டுமே இருந்தது.

இரும்பும் உடலும் மோதினால் என்னாகும் என்பதை நீர் அறிந்திருந்தீர். இளமையில் ஒரு பந்தயத்தில், உச்ச வேகத்தில் நான்காவது கியருக்குப் போக எண்ணிய கை தவறி இரண்டாவதில் தள்ளிவிட்டது. அந்த வேகத்தைத் தாங்காத கிளச் பிளேட் வெடித்துச் சிதறி, உறையைப் பிளந்து, காரின் தரையைக் கிழித்துக்கொண்டு உம் கெண்டைக்காலில் புகுந்தது. அவ்விடத்தில் ஒரு பிடிச் சதை இல்லை. லுங்கியைத் தூக்கிக் காட்டி, "கை பண்ணின தப்புக்குக் கால் குடுத்த அபராதம்" என்பீர். கியர் மாற்றுவதில் அவசரப்படுபவர் எவரைக் கண்டாலும் உமக்குக் கை நீண்டுவிடுவது அதனால்தான் என்று பிறகு விளங்கிக்கொண்டேன்.

தாத்யாவின் மகன் விக்ராந்த் உம்மிடம் வந்தது அந்த நாட்களில்தான். போசரிக்கு அப்பால் ஒரு கிராமத்து நிலம் முழுவதும் தாத்யாவின் குடும்பத்துடையது. அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. பெரியவரை மராத்தியில் அழைக்கும் அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. ஒரே மகனுக்கு ஜப்பானிலிருந்து வந்த சிவப்புப் பந்தயக் கார் வாங்கித் தந்திருந்தார். ஆறு கியர், பின்சக்கரங்கள் தள்ளும் வகை. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு வாளையும் வைத்திருந்தார். நிலத் தகராறில் அவருடைய தம்பி நடுச்சாலையில் வெட்டுண்டு இறந்தவர். மகன் வெறுங்கையோடு வெளியே போகலாகாது என்பது தந்தையின் கட்டளை. சிவப்பு வெல்வெட் உறையும் பித்தளை முனையும் கொண்ட அந்த வாளை, தசராவில் மற்ற ஆயுதங்களோடு வைத்துக் குங்குமம் சாத்திப் பூசித்துவிட்டு, மறுபடி இருக்கைக்கடியில் வைப்பார்களாம்.

எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்பது விக்ராந்தின் குறை. நீர் கைப்பிரேக்கை இழுத்து, நான்காவது கியரில் போட்டு, கிளச்சிலிருந்து காலை எடுத்தீர். நல்ல கிளச்சானால் எஞ்சின் அங்கேயே இறந்துவிட வேண்டும். அது இறக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா, சாவு வரமாட்டேங்குது. அதான் நோயி" என்றீர். கியர் பாக்ஸை இறக்கி, தேய்ந்து வழுக்கிய பிளேட்டையும் அழுத்தத் தட்டையும் பேரிங்கையும் மாற்றினீர். முடிந்ததும் பெடலை அழுத்திப் பிடித்துச் சற்றுப் பொறுத்து ரிவர்ஸ் போட்டுக் காட்டினீர். ஓர் ஒலியும் இல்லை. கிளச் முழுதாகப் பிரிகிறது என்பதற்கு அதுவே சான்று என்றீர்.

வாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதை வீட்டில் வை" என்று இந்தியில் கண்டித்தீர். இவ்வூரார் எல்லோருக்கும் நீர் 'அண்ணா'தான். விக்ராந்த் சிரித்தான். "அண்ணா, இதை எடுத்தா அப்பா என்னையே வீட்ல வச்சுப் பூட்டிடுவார்." நீர் முணுமுணுத்துக்கொண்டே தடித்த கம்பியால் அந்த வாளை இருக்கையின் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினீர். "இது அவுந்து பெடலுக்குப் போச்சுன்னா எமன் வந்த மாதிரி" என்று என்னிடம் தமிழில் சொன்னீர்.

தசரா கழிந்தது. ஒரு காலைப்பொழுதில், மலைச்சாலை இறக்கத்தின் வளைவொன்றில், சிவப்புக் கார் தடுப்புச் சுவரில் மோதி நசுங்கியது. விக்ராந்த் அங்கேயே இறந்தான். உடன் இருந்த நண்பன் பிழைத்தான். "கிளச் வேலை செய்யல, கியர் விழல என்று கத்தினான்" என்று அவன் சொன்னது ஊரெல்லாம் பரவியது. அந்தக் கிளச்சைப் போட்டவர் நீர்.

போலீஸார் பார்த்து விடுவித்தபின், ஒரு நண்பகலில் அந்தச் சிதைவை கிரேனில் தூக்கிவந்து உம் பட்டறை வாயிலில் போட்டார்கள். நிலம் அதிர்ந்தது. தாத்யாவின் ஆட்கள் இரும்புத் தடிகளோடு உள்ளே புகுந்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. உம்முடைய வேலையாட்களில் ஒருவனின் மண்டை பிளந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள். நான் பெஞ்சில் இருந்தேன். என்னை எவரும் பொருட்படுத்தவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு தாத்யா உள்ளே வந்து, தடியொன்றின் முனையை உம் மார்பில் வைத்து இந்தியில் பேசினார்.

"அண்ணா, என் பையன் கடைசியாகப் பேசினது கிளச்சைப் பற்றி."

"கேள்விப்பட்டேன். திறந்து பார்ப்போம், உங்க கண் முன்னாலேயே. என் வேலை தப்புன்னா இந்தக் கை உங்களுடையது."

"சரி. திற."

அன்று நீர் உம் ஆகமத்தை மீறினீர். காலிலிருந்து தொடங்கவில்லை. ஓட்டுநர் இருக்கையெங்கும் அந்தப் பிள்ளையின் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது; பெற்றவன் பார்த்துக்கொண்டிருக்க அதற்குள் தலையை விட உமக்கு மனம் வரவில்லை. அடியிலிருந்து தொடங்கினீர். கிளச்சை இயக்கும் ஆயில் குறையாமல் இருந்தது. குழாய் முழுதாக இருந்தது. சிலிண்டரின் தண்டு முழு நீளமும் தள்ளியது. கியர் பாக்ஸை வெட்டி இறக்கினீர். பிளேட்டில் நீர் போட்ட சுண்ணக்குறி கூட அழியவில்லை. பேரிங் ஓசையின்றிச் சுழன்றது. இரண்டாவது கியரின் வளையத்தில் மட்டும் பற்கள் புதிதாகச் சிதைந்திருந்தன. ஒவ்வொன்றையும் சாக்கின்மேல் வரிசையாக வைத்தீர். ஒருவன் அந்தப் பிளேட்டைக் காலால் எற்றி, உம் தாயைப் பற்றி ஒரு சொல் சொன்னான். உம்முடைய ஸ்பேனர் அவன் வாயில் இறங்கியது. பல்லும் இரத்தமும் சாக்கின்மேல் விழுந்தன. பிறகு அவர்கள் உம்மைச் சூழ்ந்துகொண்டார்கள். தடி விழும் ஓசைகளுக்கிடையே உம் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. நீர் ஒருமுறையும் கத்தவில்லை. தாத்யா கை உயர்த்தி நிறுத்தினார். "முடிக்கட்டும்."

நீர் எழுந்தீர். புருவத்திலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, "சாமி, டார்ச்சப் புடிங்க" என்றீர். எஞ்சியது பெடல் மட்டும்.

நசுங்கிய கதவின் வழியே நீர் உள்ளே ஊர்ந்தீர். நான் உம் தோளுக்கு மேலே ஒளியைப் பிடித்தேன். பெடலின் தண்டுக்குப் பின்னால் சிவப்பு வெல்வெட் இழைகள் கிழிந்து சிக்கியிருந்தன. தண்டில் பித்தளை உரசிய மஞ்சள் கீறல் ஒன்று ஆழமாகக் கிடந்தது. அதன்மேல் குங்குமம். இருக்கையின் சட்டத்தில், நீர் கட்டிய கம்பி குறட்டால் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. தசராப் பூசைக்கு வாளை எடுக்க வெட்டியவர்கள், திரும்ப வைக்கும்போது கட்டவில்லை. இறக்கத்தில் பிரேக் அழுத்தியதும் வாள் முன்னோக்கி வழுக்கி, அதன் முனை பெடலுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறது. பெடல் பாதியில் நின்றது. கிளச் பிரியவில்லை. அவன் கியரை அடித்துத் தள்ளியிருக்கிறான். அது கடித்ததே தவிர விழவில்லை. காலடியில் என்ன தடுக்கிறதென்று குனிந்திருக்கலாம். எதிரே சுவர் வந்துவிட்டது.

அங்கே வாள் இல்லை. போலீஸ் வருமுன் ஆட்கள் அதை அகற்றியிருக்க வேண்டும்.

நீர் என்னைப் பார்த்தீர். நான் நிம்மதியில் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டேன். உம் கை தப்பியது என்றே எண்ணினேன். உம் முகத்தில் அந்த நிம்மதி இல்லை.

"சொல்லும் வேய்" என்றேன்.

"மெல்லப் பேசுங்க சாமி."

"எதுக்கு மெல்ல? இங்க யாருக்குத் தமிழ் தெரியும்? உம்மைக் கொல்லப் போறானுவ. பார்த்ததைச் சொல்லிட்டு வெளிய வாரும்."

"அந்த மனுசன் மொகத்தப் பாருங்க. தம்பி போயாச்சு. மகனும் போயாச்சு. மகனக் காப்பாத்த வெச்ச கத்திதான் மகனக் கொன்னுச்சுன்னு சொன்னா, இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் உசுரோட இருப்பானுங்களா?"

"அது அவன் வினை வேய். நீரு எதுக்குச் சுமக்கீரு?"

"அவன் சொமக்க மாட்டானுங்க சாமி. நான் சொமந்துக்குவேன்."

"பொய் சொல்லப் போறீரா? பழி உம்ம பேருக்கு வரும். நாளைக்கு ஒருத்தன் வண்டி கொண்டு வரமாட்டான்."

"உங்க உண்மையக் கோயில்ல வெச்சுக் கும்புடுங்க. இது என்ற பட்டறை."

நம்மைச் சுற்றி நின்றவர்களுக்கு நாம் ஏதோ சதி பேசுவதாகத் தோன்றியிருக்கும். "மதராசி பாஷைல என்ன பேச்சு?" என்று ஒருவன் என் முழங்காலில் அடித்தான். நான் விழுந்தேன். விழுந்தபடியே, என் அரைகுறை இந்தியில், "தாத்யா, தல்வார்" என்று தொடங்கினேன். வாளைக் குறிக்கும் அந்த ஒரு சொல்தான் வெளியே வந்தது. கிரீஸும் குருதியும் படிந்த உம் உள்ளங்கை என் வாயை அடைத்துவிட்டது.

பிறகு நீர் எழுந்து நின்று, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியில் சொன்னீர். "பேரிங்கை நான் நேராக உட்காரவைக்கல. அதனால கிளச் பிரியல. என் வேலைதான் தப்பு."

சாக்கின்மேல் அந்தப் பேரிங் ஒரு குறையுமின்றிக் கிடந்தது. கண்ணுள்ள எவனும் எடுத்துச் சுற்றிப் பார்த்திருக்கலாம். ஒருவனும் குனியவில்லை.

பெஞ்சின்மேல் வலக்கையை நீட்டி வைத்தீர். தாத்யா எவரிடமும் அந்த வேலையை விடவில்லை. ஜாக்கியின் கைப்பிடியை எடுத்துத் தாமே அடித்தார். மறுபடியும் அடித்தார். மூன்றாவது அடி பலகையைப் பிளந்தது. நான் பாடிவந்த பாடல்களில் எலும்பு முறியும் ஓசைக்கு எத்தனையோ அழகிய சொற்கள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட அந்த ஓசையைச் சொல்லவில்லை. அது ஈரமான ஓசை. அன்றைக்குப் பிறகு நான் போர்க்களப் பாட்டு ஒன்றும் பாடியதில்லை. நீரும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் கட்டுகளுக்கிடையே கண் திறந்து நீர் பேசிய முதல் வாக்கியம் நினைவிருக்கிறதா? "வலக்கைதானுங்க போச்சு. கியர் மாத்தறது இடக்கை." நான் சிரிக்கவில்லை. உம்மை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அப்போதும் விடாமல், முருகன்மேல் ஆணையிட்டுத்தான் தீரவேண்டும் என்று என் வாயைக் கட்டினீர். உம் மனைவியிடம்கூடச் சொல்லலாகாது என்றீர்.

நான் எச்சரித்தபடியே எல்லாம் நடந்தது. ஒரு பிள்ளையைக் கொன்ற மெக்கானிக் என்று போசரி முழுதும் உம்மைச் சொன்னது. பட்டறை மூடியது. கராடிப் பையன் ஒருவன்தான் வம்பாகத் தன் காரை உம் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்து, "கழுத்தைப் பிடிக்க இடது கை போதும்ல சார்?" என்று கேட்டான். உம் மனைவி ஒருநாள் எனக்குக் காப்பி தந்தபோது, "இத்தனை வருசம் செஞ்ச வேலைங்க சாமி. ஒரு பேரிங்க நேரா வெக்க முடியலையாட்ட இருக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கொடுத்த ஆணைக்குக் கட்டுப்பட்டுக் காப்பியைக் குடித்து எழுந்தேன். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் உம்மை ஏசிக்கொண்டே நடந்தேன். வாய்மையையே தவமென்று ஓதி வளர்ந்தவனை, உம் பொய்க்குக் காவலாளியாக நிறுத்திவிட்டீரே என்பதுதான் என் கோபம். பிறர்க்குத் தீங்கு தராத சொல்லே மெய் என்று பெரியோர் சொன்னதை நீர் எடுத்துக்காட்டியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. வாதத்துக்கு நான் அழைத்தபோதெல்லாம், "பொங்கல் இருக்குதுங்களா?" என்றே மழுப்பினீர்.

இந்த மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து நீர் போய்விட்டீர். கருமாதி முடிந்த மறுநாள் முற்பகலில், உம் வீட்டுக் கூடத்தில் நான் மட்டும் அமர்ந்திருந்தேன். உம் மனைவி சமையலறையில் இருந்தார். வாயிலில் ஒரு நிழல் விழுந்தது. தாத்யா தனியாக வந்திருந்தார். தளர்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, எனக்கு எதிரே தரையில் அமர்ந்து, சாமியார்களை இங்கே அழைக்கும் சொல்லால் என்னை அழைத்து இந்தியில் பேசினார்.

"மகாராஜ், அன்றைக்கு உங்கள் வாயிலிருந்து வாள் என்று ஒரு சொல் வந்தது."

"வந்தது."

"அண்ணாவுக்கும் அது தெரியுமா?"

அவர் தாமே கேட்டபின் ஆணை என்னைக் கட்டாது என்று முடிவு செய்தேன். "அவர்தான் முதலில் கண்டார்" என்றேன்.

அவர் தலையசைத்தார். அழவில்லை. கணக்கொப்பிக்கும் குரலில் பேசினார். "எனக்கும் தெரியும். பூசைக்காகக் கம்பியை வெட்டியது என் கை. விபத்து நடந்த அன்றே வாளை என்னிடம் கொண்டுவந்து தந்தார்கள். உறை கிழிந்திருந்தது, முனை வளைந்திருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அண்ணா வாயால் 'உன் வாள்தான் கொன்றது' என்று சொல்லட்டும், அவரையும் கொன்று நானும் போய்விடுகிறேன் என்று நினைத்துத்தான் வந்தேன். அவர் சொல்லவில்லை. என் வேலைதான் தப்பு என்றார். அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, மகாராஜ்? அந்த நிம்மதியில்தான் அடித்தேன்."

தெரிந்தே உம் கையை நொறுக்கியிருக்கிறார். நீர் பொய் சொல்கிறீர் என்பது ஜாக்கியின் பிடியைத் தூக்கும்போதே அவருக்குத் தெரியும். உமது அருளை அவர் அறியாமல் பெற்றார் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அவர் அதைக் கண் திறந்தே பறித்துக்கொண்டார்.

என்ன நிகழ்ந்ததென்று நான் உணருமுன் நான் நின்றுகொண்டிருந்தேன். என் கைத்தடி என் தலைக்கு மேலே இருந்தது. புலால் மறுத்தவன், எறும்புக்கு ஒதுங்கி நடப்பவன், விடியலில் அருட்பாடல் ஓதிய அதே வாயால் உம் தாயைப் பழித்த அந்தச் சொல்லை நான் சொன்னேன். அந்த வெள்ளைத் தலை பிளந்து ஒழுகுவதை மனக்கண்ணில் கண்டு மகிழ்ந்தேன். அவர் அசையவில்லை. தலையைக் காக்கக் கையைக்கூட உயர்த்தவில்லை.

"சாமி."

சமையலறை வாயிலில் உம் மனைவி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நாங்கள் பேசிய இந்தி முழுவதும் அவருக்கு விளங்கும். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. குரல் மட்டும் உம் குரல்போல் இருந்தது.

"தடியக் கீழ வைங்க சாமி. அவுரு குடுத்தத நீங்க திருப்பி வாங்காதீங்க."

நான் வைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து தாத்யாவின் முன்னால் தரையில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. தாத்யா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து போனார். உம் மனைவி கதவைச் சாத்திவிட்டு அதில் முதுகைச் சாய்த்து, "அப்ப பேரிங்கு நேராத்தான் வெச்சிருக்காரு" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகுதான் அழுதார்.

இதுதான் உமக்குச் சேர்க்க வேண்டிய செய்தி. உம் பெயர் உம் வீட்டில் மீண்டுவிட்டது. நீர் காத்த உயிர் இன்னும் உலவுகிறது. அது தகுதியுடையதா என்று நீர் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கமாட்டீர். உம் பொய்யை நான் இப்போதும் ஏற்கவில்லை. ஆனால் தடியை ஓங்கி நின்ற அந்தச் சில கணங்களில் ஒன்றை அறிந்தேன். நீரும் ஓங்கிய கையினர்தான். காலரைப் பற்றுவதும் ஸ்பேனரை வீசுவதும் உமக்கு மூச்சுவிடுவது போல. அன்று பெஞ்சின்மேல் அந்தக் கையை விரித்து வைக்க உமக்கு எவ்வளவு வலிமை வேண்டியிருந்திருக்கும் என்பதை, நான் அடிக்க விரும்பிய பிறகுதான் என்னால் அளக்க முடிந்தது.

எனக்கு அந்த வலிமை இல்லை. உம் மனைவியின் சொல்லுக்கு அஞ்சி நிறுத்தினேன். நிறுத்தினேனே ஒழிய விடவில்லை. விடியலில் நீராடித் திருநீறு பூசக் கை தூக்கும்போது, வலத்தோளில் அது தட்டுப்படுகிறது. இறங்காமல் போன அந்த அடி, இறங்குவதற்கு இடம் கேட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறது. வேலவனிடம் நாள்தோறும் நான் வேண்டுவது இப்போது ஒன்றுதான்: இறங்க விடாமல் அதை நான் சுமந்துகொண்டு போக வேண்டும்.